வெந்த சீட்டு

துணி வேகவைப்பது என் வேலை. சோறு வேகவைப்பவர் கீழே இருக்கிறார். நான் மொட்டை மாடியில்.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் இல்லம் இருக்கிறது. ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்துகிறது. ஆண்கள் மட்டும். வீடு இல்லாதவர்கள், குடியை விட வந்தவர்கள், குடிசை இடிபட்டுத் தெருவுக்கு வந்தவர்கள். சிலர் மூன்றும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அங்கே ஒரு கட்டிலில் கிடந்தேன். இப்போது அங்கேயே சம்பளம் வாங்குகிறேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு குடிக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்பார்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வந்த நாளில் என் துணியை எரித்துவிட்டார்கள். சீலைப்பேன் இருந்தது. எரிப்பதுதான் அப்போது வழக்கம். குளிக்கவைத்து, முடி வெட்டி, புதுச் சட்டை கொடுத்தார்கள். நல்ல சட்டை. ஆனால் என்னுடையது என்று சொல்ல உடம்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பழைய சட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு வாரம் அதைத் தேடினேன்.

ஆறு மாசம் கழித்து இங்கேயே வேலை தருகிறேன் என்றார் மேடம். இல்லத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். ரிச்சர்ட்ஸ் டவுன் வசதியான குடும்பம். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பார்.

“துணியை எரிக்க வேணாம் மேடம். நான் வேகவைக்கிறேன்” என்றேன்.

“பேன் போகுமா?”

“போகும்.”

“ஸ்மெல்?”

“அதுவும் போகும்.”

“டெய்லி யார் செய்யறது?”

“நான்தான்.”

அப்படி வந்தது அந்த வேலை. பெரிய அண்டா ஒன்று, பர்னர் ஒன்று, சலவைச் சோடா, கிளற ஒரு சவுக்குக் கட்டை. அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகு இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் கயிற்றில். பெங்களூரில் வெயிலை நம்ப முடியாது. எனக்கு மேகம் பார்க்கத் தெரியும்.

வேகவைப்பதற்கு முன் துணிக்காரன் கண்ணெதிரே பாக்கெட்டைத் துழாவுவேன். இருப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் அவன் கட்டில் நம்பரை எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். பூட்டு இல்லாத சாவி வரும். பொம்மையின் கால் வரும். ஒருவன் பாக்கெட்டில் அவனுடைய பல்லே இருந்தது. எதற்கு என்று கேட்கமாட்டேன். போகும்போது டப்பாவையும் துணியையும் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒருத்தன் பொருளும் போனதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அந்த ஆளைக் கூட்டிவந்தார்கள். ஈஜிபுரா பக்கம் ஒரு பாலத்துத் தூணடியில் படுத்திருந்தானாம். நாற்பத்தைந்து வயசு இருக்கும். எலும்பு. மேலே ஒரு காக்கி கோட்டு, செக்யூரிட்டிக்காரர்கள் போடுகிற கெட்டித் துணி. கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. குடி நின்று ஒரு நாள் ஆன ஆட்டம் அது. எனக்குத் தெரியும்.

லுங்கியைக் கொடுத்தான். சட்டையைக் கொடுத்தான். கோட்டைக் கொடுக்கவில்லை.

“கழட்டுப்பா.”

“இது வேணாம்ணா.”

“பேன் ஊருது.”

“ஊரட்டும். அதுவும் என்கூடத்தான் ரொம்ப நாளா இருக்குது.”

முடி வெட்டுகிறவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

“இங்க பாரு. நான் எரிக்கிறவன் இல்ல. வேகவெச்சு, காயவெச்சு, உன் கையில கொடுப்பேன். உன் கோட்டு உனக்கேதான்.”

“வாக்கா?”

“வாக்கு.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பல் தந்தியடித்தது. வார்த்தை வரவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டான்.

பாக்கெட்டைப் பார்த்தேன். நாலு பீடி, ஒரு கோணி ஊசி. மூட்டை தைக்கிற வளைந்த ஊசி. டப்பாவில் போட்டேன். கோட்டின் முதுகில், உள்பக்கம், ஒரு சாண் அகலத்துக்குச் சணல் நூலால் தைத்திருந்தது. ஒட்டுப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பேன் முட்டை தையலில்தான் ஒளியும். அதனால் அந்த இடத்தைக் கட்டையால் அழுத்தி அழுத்தி, அரை மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் வேகவைத்தேன். நல்ல வேலை செய்தோம் என்று இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரமே அவனுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தான். திரும்பி வந்தபோது கண் தெளிந்திருந்தது. கட்டிலுக்குப் போகாமல் நேரே மாடிப்படி ஏறி வந்தான்.

“அண்ணா, கோட்டு.”

மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாசனை கூடப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கத்தைத் திருப்பி, தையல் இருந்த இடத்தை விரலால் தடவினான். அமுக்கிப் பார்த்தான். தண்ணீர் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

“எவ்ளோ நேரம் வேகவெச்சீங்க?”

“ஒரு மணி நேரம்.”

“சோடா போட்டா?”

“ரெண்டு கை.”

“சரி” என்றான். ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிந்தது.

பிறகு சொன்னான். நான் கேட்காமலே.

அவனும் அவன் மனைவியும் ஈஜிபுராவில் ஒரு குடிசையில் இருந்தார்கள். அவன் மார்க்கெட் குடோனில் மூட்டை தைக்கிறவன். குடிசைகளை இடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஆட்கள் வந்து கணக்கெடுத்து, வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போட்டோ, ஒரு நம்பர், ஒரு முத்திரை. மாற்று வீடு கட்டி முடித்ததும் சீட்டைக் காட்டினால் சாவி. சீட்டு கையில் வந்த அன்றைக்கே அதை விலைக்குக் கேட்டு ஆட்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

“என்னைப் பத்தி எனக்குத் தெரியும்ணா. வித்துடுவேன். அதான் கோட்டுல வெச்சுத் தெச்சிட்டேன். மூட்டைத் தையல் போட்டேன். நுனி எங்கன்னு தெரிஞ்சு இழுத்தா சர்ருனு பிரியும். தெரியாம இழுத்தா இறுகிக்கும். குடிச்ச கைக்கு அந்த நுனி சிக்காது. எனக்கே சிக்காது. அதுக்குத்தான் அப்படித் தெச்சேன்.”

இரண்டு வருஷம் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. வேலை போயிற்று. பெண்டாட்டி தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். இவன் தூணடிக்கு வந்தான். கோட்டு மட்டும் முதுகிலேயே இருந்தது.

“வீடு ரெடி ஆயிடுச்சுன்னு அவ வந்து சொன்னா. சீட்டக் கொடுன்னா. கோட்டுல இருக்குதுன்னேன். பிரின்னா. பிரிக்க வரல. கை ஆடுது. வித்துட்டு வேஷம் போடறியான்னா. கை ஓங்கிட்டேன்ணா. போயிட்டா.”

“சாவி என்னிக்கு?”

“மாசக் கடைசி.”

பதினாறு நாள் இருந்தது.

டப்பாவை எடுத்து அந்த ஊசியைக் கொடுத்தேன். அப்போதும் விரல் லேசாக ஆடியது. ஊசி நுனியால் தையலைத் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, சுண்டினான். மூட்டை வாய் திறக்கிற மாதிரி அவ்வளவும் பிரிந்து வந்தது. உள்ளே ஒரு பால் கவர். சூட்டில் சுருங்கிக் கருவாடு போல இருந்தது. அவன் பார்க்கவில்லை. முகத்தைத் தண்டவாளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு ஈரத் துணியைப் பற்றித் தெரியும். காகிதமும் அப்படித்தான். இழுத்தால் போச்சு. கவரை பிளேடால் கீறி, உள்ளே இருந்ததை அப்படியே அண்டா மூடியில் வைத்து, நிழலில் இரண்டு நாள் விட்டேன். காக்கை வராமல் மேலே கூடை. மூன்றாம் நாள் மடிப்பு மடிப்பாகத் திறந்தேன். எழுத்து போய்விட்டது. நீலமாக ஒரு கறை. முத்திரையில் பாதி வட்டம் இருந்தது. நம்பரில் முதல் இரண்டு எழுத்து மட்டும். போட்டோவில் ஒரு பெண்ணின் நெற்றியும் கண்ணும் தெரிந்தன. அவன் பக்கம் தோள் மட்டும்.

மேடம் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவனும் கூட வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓகே. பிராப்ளம் இல்ல. பஸ்ஸுல தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல ஒரு கம்ப்ளெயிண்ட் கொடுத்துடலாம். டூப்ளிகேட் கேக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“தொலையலையே மேடம்.”

“தெரியும். பட் அதுதான் ஈஸி.”

“தொலைஞ்சதுன்னு எழுதினா, இவன் வித்துட்டான்னுதான் இவன் சம்சாரம் நெனைக்கும்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தொலைஞ்சதுன்னே எழுதுங்க மேடம். அவ அப்படித்தான் நெனைக்கிறா. எனக்குப் பழகிடுச்சு.”

“நீ சும்மா இரு” என்றேன். அவனிடம் குரல் உயர்த்தியது அது ஒரு தடவைதான்.

மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். “வேகவெச்சது நான். தையல் எதுக்குன்னு அவனைக் கேக்காம, பிரிச்சுப் பாக்காம வேகவெச்சேன். அப்படியே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

“நம்ம லெட்டர் பேட்ல எழுதணும். இல்லத்துல ஒருத்தரோட டாக்குமெண்ட்டை நாமளே டேமேஜ் பண்ணோம்னு. போர்டுல கேப்பாங்க. உங்களைத்தான் முதல்ல கேப்பாங்க. வேலைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

“கேக்கட்டும். இருக்கறதைச் சொல்லுவேன்.”

மேடம் பேனாவை எடுத்தார். கன்னடத்தில் எழுதினார். படித்துக் காட்டித் தமிழில் சொன்னார். இன்ன இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை செய்கிற நான், இன்னாருடைய கோட்டைச் சோடா போட்ட வெந்நீரில் ஒரு மணி நேரம் வேகவைத்ததால், அதற்குள் தைத்து வைத்திருந்த சீட்டு கெட்டுப்போனது. அவர் மேல் தப்பு இல்லை. இதுதான் விஷயம். கையெழுத்துப் போட்டேன். மூணாம் கிளாஸ் வரை படித்தவன். என் பெயரை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். மேடம் காத்திருந்தார்.

மறுநாள் நான் தனியாக ஈஜிபுராவில் அவன் பெண்டாட்டி இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். அவன் வரவில்லை. கூப்பிட்டேன். “என்னைப் பாத்தா கதவைச் சாத்திடுவா” என்றான். கோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சீட்டின் மிச்சம் உதிர்ந்துவிடும் என்று அதை மேடத்திடமே விட்டுவிட்டு, சுருங்கிய பால் கவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

மூன்று மாடி, ஒரு மாடிக்கு ஆறு வாசல். படியில் தண்ணீர்க் குடங்கள். அந்தம்மா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏதோ கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. போட்டோவில் மிஞ்சியிருந்த கண் அதேதான்.

“யாரு வேணும்?”

“நீங்கதான்மா. உங்க வீட்டுக்காரர் எங்க இல்லத்துலதான் இருக்காரு.”

“உயிரோட இருக்கானா?”

“இருக்காரு. குடிக்கல. பத்து நாள் ஆகுது.”

“பத்து நாளா! அடேங்கப்பா. மாலை வாங்கிட்டு வரட்டுமா?” உள்ளே திரும்பி, “அக்கா, கேட்டியா? பத்து நாளாம்” என்றாள். உள்ளே இருந்து பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

“சீட்டை அவர் விக்கல. கோட்டுலதான் இருந்தது. நான் தெரியாம வேகவெச்சிட்டேன்.”

“நீ யாரு?”

“அங்க துணி வேகவைக்கிறவன்.”

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துகொள்வார்கள், குடிகாரனோடு குடித்தனம் பண்ணினவர்கள்.

“நீயும் குடிகாரன்தானே?”

“இருந்தேன்.”

“நல்லா இருக்குய்யா. ஒரு குடிகாரன் வித்துட்டான், இன்னொரு குடிகாரன் வேகவெச்சேன்னு சாட்சி சொல்ல வர்றான். எவ்ளோ கொடுத்தான் உனக்கு? ஒரு குவார்ட்டரா, ரெண்டா?”

அவள் கேட்டது நியாயம்தான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கோட்டை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தையல் போன தடம் வரிசையாக ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. சணல் நூலைத் தனியாகச் சுற்றி வைத்திருந்தேன்.

நூலை வாங்கிப் பார்த்தாள். “அவன் தையல்தான். இதுல மட்டும் கை சுத்தம்” என்றாள். ஆனாலும் தலையை ஆட்டினாள். “தெச்சிருப்பான். உள்ள இருந்ததை எடுத்து வித்துட்டுத் திரும்பத் தெச்சிருப்பான். அவனைத் தெரியாதா எனக்கு?”

அப்போதுதான் பால் கவரைக் கொடுத்தேன். “இதுக்குள்ளதான் இருந்தது. பிரிச்சது போன வாரம், என் கண்ணெதிர்ல.”

வேண்டாவெறுப்பாக வாங்கினாள். சுருங்கியதை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். கை நின்றது. கவரின் ஒரு மூலையில், வெட்டின துண்டு முழுசாக விழாமல், ஒரு நூல் அளவு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது நான் வெட்டினது” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“மூலையை முழுசா வெட்டமாட்டேன் நான். துண்டு சாக்கடையை அடைக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரி கத்துவா. அதனால தொங்க விடுவேன். இந்த மாதிரி. அந்தக் குடிசையில இருந்தப்போ.” கொஞ்சம் நிறுத்தினாள். “அங்க இருந்து கெளம்பினப்புறம் நான் பாலே வாங்கல. அக்கா வீட்டுல டீ.”

கவரை மடித்து நீலச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது.

“ரெண்டு வருஷம் முதுகுல வெச்சிருந்தானா? வாயத் தொறந்து ஒழுங்கா சொன்னா என்ன?” பிறகு என்னைப் பார்த்தாள். “அவன் பத்திரமா வெச்சிருந்ததை நீங்க வேகவெச்சிட்டீங்க.”

“ஆமாம்மா.”

“ஒரு மணி நேரமா?”

“ஒரு மணி நேரம்.”

“பருப்பே அரை மணி நேரத்துல வெந்துடும்.”

சாவி கொடுக்கிற ஆபீஸுக்கு என்றைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டேன். லீவு சொல்லிவிட்டு மறுநாளே வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நின்றோம். அவள் வரிசையில் முன்னால். நான் நடுவில். அவன் எனக்குப் பின்னால், முகம் சவரம் பண்ணி, இல்லத்துச் சட்டையில். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் அவள் திரும்பிப் பார்க்காமலே, “சாப்ட்டாரா அவரு?” என்று என்னைக் கேட்டாள். “சாப்ட்டேன்” என்றான் அவன், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கன்னடக்காரர். தமிழும் பேசினார்.

“ஒரிஜினல் பேக்கு” என்றார். ஒரிஜினல் வேண்டும்.

மேடம் கொடுத்த கண்ணாடிக் கவருக்குள் வைத்திருந்த சீட்டை நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது ஏன்ரி? என்ன இது, அப்பளமா?”

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழுசாகப் படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். “இல்லி நோடி சார். சீட்டை சோடா போட்டு பேயிசி பிட்டிதாரே.” வேகவைத்துவிட்டார்கள் என்கிறார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். எனக்குக் காது சூடாயிற்று. நின்றேன்.

“பஸ்ஸுல தொலைஞ்ச சீட்டு இங்க ஒரு லாரி இருக்குது” என்றார் ஜன்னல்காரர். “எலி தின்னது இருக்குது. வெந்த சீட்டு இதான் ஃபர்ஸ்ட்.”

“ஆகுமா சார்?” என்று அவள் கேட்டாள். அவள் குரல் அப்படி மெலிந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“தொலைஞ்சதுன்னா ஆகாது. இந்த மாசம் ஆகாது. பேப்பர்ல நோட்டீஸ், மூணு மாசம் வெயிட்டிங். சீட்டு வேற யார் கையிலயாவது இருக்குதான்னு பாக்கணுமில்ல? இது தொலையல. கெட்டுப்போச்சு. மிச்சத்தை இங்க ஒப்படைச்சா ரிஜிஸ்டரோட டேலி பண்ணுவாங்க. முத்திரை பாதி இருக்குது. நம்பர்ல ரெண்டு எழுத்து இருக்குது. போட்டோ...” கவரை மறுபடியும் தூக்கினார். அவளைப் பார்த்தார். “கண்ணு இருக்குது. போதும். ரெண்டு பேரும் உள்ள வாங்க, ரேகை வெக்கணும்.”

அவன் உள்ளே போகும்போது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மூன்று தடவை துடைத்தான். மூட்டை தைத்துத் தேய்ந்த கட்டைவிரல். முதல் தடவை பதியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. அவள் அவன் விரலைப் பிடித்து, மையில் நன்றாக உருட்டி, ரிஜிஸ்டரில் அழுத்தினாள். அழுத்தியபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பதிந்தது.

மேலதிகாரி கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் நான் வழக்கம்போல அண்டா வைத்தேன். போர்டிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இருந்ததைச் சொன்னேன். இனிமேல் என்ன செய்வாய் என்றார்கள். தையலையும் பார்ப்பேன் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். வேலை போகவில்லை.

மாசக் கடைசியில் சாவி வந்தது. அவள் கையில் கொடுத்தார்கள்.

வீடு மூன்றாவது மாடி. ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, பாத்ரூம். சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை. வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகிறவன் இல்லை. மேடம்தான், “போங்க, உங்க சட்டையை நீங்களே அயர்ன் பண்ணிக்கோங்க” என்று அனுப்பினார்.

அவன் எனக்கு முன்னாலேயே வந்து வாசலுக்கு வெளியே, படிக்கட்டு ஓரமாக நின்றிருந்தான். முதுகில் அந்தக் கோட்டு. தையல் போன ஓட்டைகளை அடைத்துத் திரும்பத் தைத்திருந்தான். இந்தத் தடவை மெல்லிய நூல், சின்னத் தையல்.

“உள்ள போகலையா?”

“ஆறு மாசம் இல்லத்துல இருந்து முடிச்சிட்டு வான்னு அவ சொல்லிட்டாண்ணா. வீடு ரெண்டு பேர் பேர்ல இருந்தாலும் சாவி அவகிட்டதான். இன்னிக்கு மட்டும் வரலாமாம்.”

“சரிதானே?”

“சரிதான்” என்றான். சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை. பாக்கெட்டிலிருந்து அந்தக் கோணி ஊசியை எடுத்து என் கையில் வைத்தான். “உங்க அண்டா கிட்ட தொங்க விடுங்க. என்னை மாதிரி இன்னும் எவனாவது வருவான்.”

வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டேன். இப்போது அது அலமாரிப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வருகிறவன் கையில் அதைக் கொடுத்து, “பாக்கெட்டை நான் பாக்கறேன், தையலை நீ பாரு” என்பேன். கை ஆடினால், ஆட்டம் நிற்கும்வரை அந்தத் துணியை மூட்டையாகக் கட்டி, நம்பர் போட்டு, தனியாக வைத்துவிடுவேன். பேன் எங்கேயும் போய்விடாது. காத்திருக்கும்.

உள்ளே அவள் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். கவரின் மூலை தொங்கிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அக்கா வெற்றிலைத் தட்டோடு நின்றாள். யார் அடுப்பைப் பற்றவைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. அக்கா தான்தான் என்று முன்னால் வந்தாள். அவள் அடுப்பை விட்டு நகரவில்லை.

“அண்ணா, நீங்க வாங்க.”

“நான் எதுக்குமா?”

“வேகவைக்கிற ஆளு நீங்கதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். படிக்கட்டில் நின்றவனும் சிரித்தான். “நீயும் உள்ள வா, காத்து வருது” என்று அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கதவு ஓரமாக நின்றான்.

தீக்குச்சியைக் கிழித்தேன். பற்றிக்கொண்டது. நான் எவ்வளவோ கொதி பார்த்தவன். ஆனால் பாலுக்கு முன்னால் நின்றது இல்லை. ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் எழும்பியது. நான் கட்டையைத் தேடுகிற மாதிரி கையைத் தூக்கியிருக்க வேண்டும், அக்கா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போதும்ணா, எறக்குங்க” என்றாள் அவள். “எல்லாத்தையும் ஒரு மணி நேரம் வேகவைக்கணும்னு இல்ல.”

இறக்கினேன்.